அந்த வியாதிக்குப் பெயர் உண்டு

நம் பக்கத்து வீடுகளில் ஒரே ஒரு நோய்க்கு மட்டும் பெயர் கிடையாது. காய்ச்சலுக்குப் பெயர் உண்டு. மஞ்சள் காமாலைக்குப் பெயர் உண்டு. சர்க்கரை வியாதியைப் பற்றியோ கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டே உரக்கப் பேசுவார்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. “அவருக்கு அந்த வியாதியாம்” என்பார்கள். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையநல்லூர் என எங்கு போனாலும் இந்த வழக்கம் ஒன்றுதான். கேட்பவரும் எந்த வியாதி என்று திருப்பிக் கேட்பதில்லை. “இயேசுவே” என்று நெஞ்சில் கைவைத்து நகர்ந்துவிடுகிறார்.

நோயாளியிடமோ அதுவும் சொல்லப்படுவதில்லை. “சாதாரணக் கட்டிதான், ஒரு கரண்ட் வைத்தால் கரைந்துவிடும்” என்று கூறி அவரைப் பேருந்தில் ஏற்றி, மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்திற்கோ, இரவு ரயிலில் சென்னை அடையாற்றிற்கோ அழைத்துப் போகிறார்கள். அங்கே வாசலிலேயே ஆளுயர எழுத்தில் அந்த நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது! எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர் அந்தப் பலகையைப் படிக்கிறார். உடன் வந்த மகனோ, “அப்பா, இந்தப் பக்கம் பாருங்கள், அந்த மரம் எவ்வளவு பெரிது” என்று காட்டுகிறான். அப்பாவும் மரத்தைப் பார்க்கிறார். மகன் மனம் நோகக் கூடாதே என்று தமக்கு ஒன்றும் தெரியாதது போல அவர் நடிக்கிறார். அப்பாவுக்குத் தெரியக் கூடாதே என்று மகன் நடிக்கிறான். இப்படி ஒரு நாடகம் எத்தனையோ குடும்பங்களில் மாதக்கணக்காக அரங்கேறுகிறது. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். நடிப்பவருக்கு வராது.

மறைப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், பாசத்தால்தான் மறைக்கிறார்கள். கேட்டால் அவர் மனம் உடைந்துவிடும் என்கிறார்கள். வீட்டில் மணமாகாத பெண் இருந்தால் அச்சம் இன்னும் பெருகுகிறது. பரம்பரை நோய் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்களோ என்ற கவலை. (புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை சிறு பகுதியே என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். அது தொற்றுநோயும் அன்று; ஒரே தட்டில் உண்பதால் ஒட்டிக்கொள்ளாது.) ஆனால் இந்தப் பாசத்தின் விலையைச் செலுத்துவது நோயாளிதான். தன் அச்சத்தைச் சொல்ல ஆளின்றி, தன் வீட்டுக்குள்ளேயே அவர் தனித்துப் போகிறார். அழவும் முடியாது, ஏனெனில் அழுவதற்கு ஒரு காரணமே இல்லை என்றுதானே எல்லாரும் சாதிக்கிறார்கள். சிரிக்கவும் முடியாது.

ஆம், சிரிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை. புற்றுநோயையும் சிரிப்பையும் ஒரே வரியில் எழுதுவது சிலருக்கு அபசாரமாகத் தோன்றலாம். அவர்களுக்காக, மலைக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு மனிதரை அறிமுகம் செய்கிறேன்.

குற்றாலத்து மலையின் மறுபுறம் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவர். சாரல் காற்று அங்கிருந்துதான் ஆரியங்காவுக் கணவாய் வழியே நமக்கு வருகிறது. அந்தக் காற்று வரும் திசையில், திருச்சூர் மாவட்டத்து இரிஞாலக்குடா என்னும் ஊரில், 1948-ஆம் ஆண்டு ஒரு சிரியன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் இன்னசென்ட். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கர்நாடகத்துத் தாவணகெரேயில் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டிருந்தார். சொந்த ஊரில் நகராட்சி உறுப்பினராக இருந்தார். இறுதியில் திரைப்படத்திற்கு வந்து எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, மலையாள மக்களைப் பல ஆண்டுகள் சிரிக்கவைத்தார். 1989-இல் வெளிவந்த ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’ படத்தின் மன்னார் மத்தாயியை அறியாத மலையாளி இருப்பது அரிது. தமிழிலும் ‘லேசா லேசா’ படத்தில் அவரை நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

2012-இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கொச்சியில் டாக்டர் வி. பி. கங்காதரனிடம் சிகிச்சை பெற்றார். அவர் சிகிச்சைக்காலத்தை ஒட்டியே அவருடைய மனைவிக்கும் புற்றுநோய் கண்டது. ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள். நம் ஊராக இருந்தால், “யார் கண்ணு பட்டுதோ” என்று தொடங்கி வீட்டின் வாசற்படி சரியில்லை என்பது வரை பேசியிருப்பார்கள். சிரிக்கவைப்பவர் இனி எப்படிச் சிரிக்கப் போகிறார் என்று கேரளமே பரிதவித்தது.

அவர் நோயை ஒளிக்கவில்லை. தமக்கு என்ன நோய், எங்கே சிகிச்சை, எத்தனை முறை மருந்து ஏற்றினார்கள் என்பதையெல்லாம் ஊரறியச் சொன்னார். அதோடு நில்லாமல் ‘கேன்சர் வார்டிலே சிரி’ என்ற பெயரில் அனுபவங்களை நூலாகவே ஆக்கிவிட்டார். ‘சிரி’ என்றால் மலையாளத்தில் சிரிப்பு. நோயாளியாகிய தம்மையே அவர் அதில் கேலிப்பொருளாக்கிக்கொண்டார். நகைச்சுவையும் தமக்கு ஒரு மருந்து என்று பல மேடைகளில் கூறினார். ஆனால் கவனியுங்கள்: ‘நகைச்சுவையும்’ என்றார். கீமோதெரபி என்னும் மருந்தேற்றலை ஒருமுறைகூட விட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. மருந்தையும் எடுத்துக்கொண்டார், சிரிக்கவும் செய்தார்.

சிகிச்சை முடித்து மீண்டும் நடிக்க வந்தார். 2014-இல் சாலக்குடித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு புற்றுநோயாளிகளின் துன்பத்தையும் சிகிச்சைச் செலவையும் பற்றித் தம் தாய்மொழியிலேயே பேசினார். மார்பகப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் மேமோகிராம் கருவிகள் தம் தொகுதியின் அரசு மருத்துவமனைகளுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். நோய் தெரியவந்த பின் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2023 மார்ச் 26 அன்று, தம் 75-ஆம் வயதில் காலமானார். மூச்சுக்கோளாறும், கோவிட் தொற்றும், உறுப்புகள் பல செயலிழந்ததும், மாரடைப்புமே காரணம் என்று மருத்துவமனை அறிவித்தது. இரிஞாலக்குடா புனித தோமையார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த மனிதரால் சிரிக்க முடிந்தது எதனால்? பிறவி நகைச்சுவையாளர் என்பது பாதி விடை. மற்றப் பாதி என்னவென்றால், அவருக்குத் தம் நோயின் பெயர் தெரிந்திருந்தது. அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அவருக்குத் தெரியும் என்பது தெரிந்திருந்தது. பெயர் தெரியாத பூதத்தைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. இருட்டில் கிடப்பது பாம்பா, கயிறா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால்தானே அடுத்த வேலை?

வார்டுகளில் நோயாளிகள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வீட்டாரிடம் பேசாத பேச்சை அங்கே பேசுவார்கள். மருந்தேற்றிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்குமல்லவா? “அண்ணாச்சி, இந்த மாசம் சலூன் காசு மிச்சம்லா!” என்று ஒருவர் தொடங்கினால், “எனக்குச் சீப்புக் காசும் மிச்சம் வே” என்று அடுத்த கட்டில் பதில் சொல்லும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப வளரும்போது சிலருக்குச் சுருட்டையாக வளர்வதுண்டு. அதற்கும் ஒரு கேலி காத்திருக்கும். வெளியாள் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டால் திடுக்கிடுவார். ஆனால் இதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது, நமக்கு இல்லை. நோயாளி தன்னைக் கேலி செய்துகொள்ளலாம். நலம் விசாரிக்கப் போன நாம் அவர் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிப்பது அநாகரிகம்.

நலம் விசாரிக்கப் போகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுமே, “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்...” என்று தொடங்கி, சித்தப்பாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம் வரை அழைத்துப் போய்விட்டு, “நீங்க ஒண்ணும் கவலைப்படாதிய” என்று முடிப்பார். இன்னொருவர் வாயைத் திறக்கமாட்டார். உச்சுக்கொட்டிக்கொண்டே நோயாளியின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் கையில் பச்சிலைக் கட்டோடு வருவார். மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார், அவரிடம் போனால் நாற்பது நாளில் கட்டி உருகிவிடும், ஆனால் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பார். முதலிருவராலும் பெரிய தீங்கில்லை. மூன்றாமவரை மட்டும் மரியாதையோடு காப்பி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

மூலிகைகள் நிறைந்த மலையின் அடிவாரத்தில் வாழும் நாம் இதை ஒளிவின்றிப் பேசியாக வேண்டும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் மனத்திற்கும் உடலுக்கும் தரும் புத்துணர்ச்சியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அருவி நீர் புற்றைக் கரைக்காது. ஆனி, ஆடிச் சாரலில், மருந்தேற்றல் நடந்துகொண்டிருக்கும் நோயாளியை, ‘மூலிகைத் தண்ணீர் பட்டால் நல்லது’ என்று கூட்டத்தோடு கூட்டமாக அருவியடிக்கு அழைத்துப் போவது அவருக்குத் தீங்காகவே முடியலாம். மருந்தேற்றிய ஏறக்குறைய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, ரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்நாள்களில் கூட்டமும் கலங்கிய நீரும் கிருமித்தொற்றுக்கு வழி செய்யும். சாதாரணக் காய்ச்சலே அவரை மருத்துவமனையில் சேர்த்துவிடும். தூரத்தில் அமர்ந்து அருவியின் ஓசையைக் கேட்கலாம், திண்ணையில் சாரலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குளிப்பதற்கு மருத்துவர் உத்தரவு தரட்டும். அடுத்த ஆண்டும் சாரல் வரும்.

அருவியைப் போலவே சிரிப்பையும் சிலர் சர்வரோக நிவாரணியாக்கிவிட்டார்கள். நார்மன் கசின்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாசிரியரின் கதையை மேடைதோறும் சொல்கிறார்கள். நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்தது என்று அவர் 1979-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அது உண்மைதான். ஆனால் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டது முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் நோய், புற்றுநோய் அன்று. இதை மேடையில் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடக்கமானது, ஆகவே நம்பத் தகுந்தது. மனிதர்களைக் கூட்டாக உட்காரவைத்துச் சிரிக்கச் செய்துவிட்டு, உறையவைத்த உறையைக் கையில் மாட்டியும், ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும் சோதித்தார்கள். சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. அவ்வளவுதான். சிரிப்பு கட்டியைக் கரைக்கவில்லை. வலியைச் சற்றே தள்ளிவைத்தது. அடுத்த மருந்தேற்றலுக்குப் பேருந்து ஏற மனமில்லாமல் படுத்திருப்பவருக்கு அந்தச் ‘சற்றே’ பெரிய காரியமல்லவா?

இதிலிருந்து ஒரு கொடுமையும் பிறக்கக் கூடும். “நீங்கள் தைரியமாக, சிரித்த முகத்தோடு இருந்தால் குணமாகிவிடும்” என்று நோயாளியிடம் ஓதிக்கொண்டே இருப்பது. அப்படியானால் குணமாகாதவர்கள் எல்லாரும் போதிய அளவு சிரிக்காதவர்களா? நன்றாகச் சிரித்தவர்களும் இறந்திருக்கிறார்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். நோய் எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை கிடைத்தது என்பவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. நோயாளிக்கு அழத் தோன்றினால் அழட்டும். கட்டாயச் சிரிப்பும் ஒருவகை மறைப்புதான்.

வலியில் துடிப்பவரிடம் சிரிப்பைப் பற்றிப் பேசவே கூடாது. முதலில் வலி தீர வேண்டும். இதிலும் மலைக்கு அப்பால் உள்ளவர்கள் நமக்கு முன்னோடிகள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் என்னும் மருந்து கைகண்டது, விலையும் குறைவு. ஆயினும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அது நோயாளிக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் மன்றாடியதன் பயனாக 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்போருக்கு வீட்டிற்கே வந்து வலிதணிப்புப் பராமரிப்பு அளிப்பதும் ஒரு பகுதி. ‘புற்றுநோய் என்றால் வலி இருக்கத்தானே செய்யும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கேட்டால் மருந்து உண்டு.

இந்த அச்சத்தின் வரலாறும் பழையதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அந்தப் பெருமாட்டியை முப்பது ஆண்டுகள் உறங்கவிடவில்லை. ‘சாகப் போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை’ என்ற கேள்வியை எத்தனையோ பேரிடம் எதிர்கொண்டு, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பணம் திரட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அன்று அங்கு இருந்தவை 12 படுக்கைகள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரி 19 அன்று தம் 93-ஆம் வயதில் மறைந்தார். புற்றுநோயைவிடப் புற்றுநோய் பற்றிய அச்சத்தோடு போராடுவதே கடினம் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திவந்தார்.

அச்சத்தால் வரும் பெரிய இழப்பு காலதாமதம். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கங்களில் பீடி சுற்றும் நம் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே மார்பில் தட்டுப்படும் வலியில்லாத கட்டியை, ‘வலிக்கவில்லையே, அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். உண்மை தலைகீழானது, தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாறிப்போன குரல், விழுங்கும்போது தடை, மாதவிலக்கு நின்ற பிறகு காணும் உதிரப்போக்கு, இவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இவையெல்லாம் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்பதில்லை. பல வேளை வேறு காரணமாகவே இருக்கும். காட்டினால்தானே அது தெரியும்?

நம் பங்குகளில் இந்த மறைப்பு வேறொரு வடிவிலும் காணப்படுகிறது. முன்பு ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று ஒரு தேவதிரவிய அனுமானம் இருந்தது. சாகும் தறுவாயில் குருவானவரை அழைத்து எண்ணெய் பூசச் செய்வார்கள். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே அந்த வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே, இதை ‘நோயில்பூசுதல்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றும், இது மரணத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்றும் கூறியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான திருச்சடங்கைப் புதுப்பித்தார். அரை நூற்றாண்டு கடந்தும் நம்மில் பலர் இன்னும் பழைய அச்சத்திலேயே இருக்கிறோம். “இப்ப சாமியாரக் கூப்பிட்டா அப்பா பயந்துருவாவ” என்று தள்ளிப்போட்டு, அப்பா நினைவிழந்த பிறகு அழைக்கிறார்கள். பெரிய அறுவைக்கு முன்பே, அவர் தெளிந்த மனத்தோடு கட்டிலில் சாய்ந்து அமர்ந்து ‘ஆமென்’ சொல்லக் கூடிய காலத்திலேயே இந்த அருட்சாதனம் அவருக்கு உரியது. அதன்பின் குருவானவரும் நோயாளியும் ஒரு காப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிச் சிரித்தாலும் ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

சிரிப்பு பக்திக்குக் குறைவு என்று எண்ணுவோருக்குப் புனித தாமஸ் மூரை நினைவூட்ட வேண்டும். 1535 ஜூலையில் தலை வெட்டப்படும் மேடைக்கு ஏறுகையில் படிகள் ஆடின. உடன் வந்த அதிகாரியிடம், ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்கும் காரியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாக வரலாறு கூறுகிறது. நம் குற்றாலத்திற்கும் இத்தகைய மரபொன்று உண்டு. அங்கே தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், தம் ஒரே மகனை இழந்திருந்த வேளையில், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அனுப்பிய இரங்கற்பாவின் நயத்தைப் பாராட்டி எழுதினார் என்பது தமிழன்பர்கள் சொல்லிவரும் செய்தி. துயரம் ஒருபுறம் இருக்க, சுவைக்கும் மனமும் உயிரோடு இருக்கக் கூடும் என்பதற்கு அதைவிட என்ன சான்று?

இனி, நன்றி. ‘இந்த நோய் வந்ததற்காக நன்றி சொல்’ என்று நோயாளியிடம் உபதேசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புற்றுக்கு நன்றி சொல்ல எவருக்கும் கடமையில்லை. பிழைத்தவர்கள் சொல்லும் நன்றியைக் கூர்ந்து கேட்டால், அது மனிதர்களைச் சுற்றியே இருக்கும். விடியற்காலை இட்லி அவித்துத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டம்மாள். பிள்ளைகளை இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய மதினி. வாந்தியெடுத்தபோது முகம் சுளிக்காமல் பாத்திரத்தை மாற்றிய வார்டு ஆயா. நரம்பு கிடைக்காமல் நான்காம் முறை ஊசி குத்தும்போது தானும் கண்கலங்கிய இளம் செவிலி. ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன கல்லூரி மாணவன். நோய்க்கு முன்பும் இவர்கள் இருந்தார்கள். அப்போது நாம் பார்க்கவில்லை. இரண்டு மாதம் எல்லாம் உலோகச் சுவையாக இருந்த நாக்கிற்கு, ஒருநாள் காலை திடீரென்று புளிக்குழம்பின் ருசி தெரியும்போது, அந்தப் புளிக்குழம்புக்காகவே ஒரு ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றும் என்பார்கள். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே ‘நன்றி கூறுதல்’ என்றுதான் பொருள் என்பதைத் திருப்பலியில் கேட்டிருக்கிறோம்.

மறைக்காமல் சொல்வது எப்படி என்று கேட்கலாம். வீட்டார் தாமே சொல்ல வேண்டியதில்லை; மருத்துவர் சொல்லட்டும். மருத்துவரின் அறைக்குள் நுழையும் முன், “அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்” என்று கெஞ்சாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டுமென்பதும் இல்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரே கேள்விகளால் காட்டுவார். கேட்கும் கேள்விக்குப் பொய்யில்லாத பதில் கிடைத்தால் போதும். மரத்தைக் காட்டிய மகன், பலகையைப் பார்த்து, “ஆமாப்பா, அதான். நான் கூடவே இருக்கேன்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த இருவருக்கும் இடையே அடைத்துக்கிடந்த கதவு திறந்துகொள்ளும்.

பயணம் செய்வோருக்குச் சில செய்திகள். எல்லாவற்றிற்கும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். திருவனந்தபுரத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்திற்குப் போகிறவர்கள், செங்கோட்டையிலிருந்து தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியே பேருந்தில் செல்லலாம். வளைவுகள் அதிகமாதலால் வாந்திக்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்வது நலம். அடையாற்றுக்குப் போவோருக்குப் பொதிகை விரைவு ரயில் இருக்கிறது. சிகிச்சைக்கோ பின்சோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலின் தூங்கும் வசதியுள்ள இரண்டாம் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இதற்கான சான்றிதழ்ப் படிவத்தை மருத்துவமனையில் நிரப்பிக் கையொப்பமிட்டுத் தருவார்கள். அதில் நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பயணச்சீட்டு வாங்கும்போது அதைக் காட்டியாக வேண்டும்.